குருணை தின்ற மீன்

புதுத் தண்ணீர் வந்த அன்றைக்கு எங்கள் தெருவில் யாரும் பல்கூட விளக்கியிருக்க மாட்டார்கள். மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, தண்ணீர் திருக்காட்டுப்பள்ளியைத் தொட்டுவிட்டது என்று முந்தின நாள் சாயங்கால பஸ்ஸில் வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். விடியும்போது எங்கள் வாய்க்காலில் சருகும் நுரையுமாகச் செந்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் "மீனு மயங்கிக் கெடக்கு" என்று கத்திக்கொண்டு குட்டைப் பக்கம் ஓடின. நானும் கூடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஓடாமல் என்ன, எனக்கு மட்டும் நாக்கு இல்லையா.

புதுத் தண்ணீரில் மீன் மயங்குவது எங்களுக்குப் புதிதில்லை. கோடை முழுக்கத் தேங்கிக் கிடந்த குட்டையில் கலங்கல் வந்து விழுந்ததும் மீனுக்கு மூச்சு முட்டும். மேலே வந்து வாயைப் பிளக்கும். அன்றைக்கு வலை வேண்டாம், தூண்டில் வேண்டாம், கையாலேயே அள்ளலாம். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் எங்கள் தெருவில் எல்லா வீட்டு அடுப்பிலிருந்தும் ஒரே வாசனை வரும்.

நான் போனபோது முழங்கால் தண்ணீரில் தெருவே இறங்கி நின்றது. எல்லாரையும் முந்திக்கொண்டு தங்கமணி நின்றாள். தங்கமணி என் நாத்தனார்; என் வீட்டுக்காரர் அரசப்பனுக்கு ஒரே தங்கை. அதே தெருவில் வாக்கப்பட்டவள். மடி நிறையக் கெண்டை, கையில் ஒரு விரால். என்னைப் பார்த்ததும் முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டாள். எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. நிலத் தகராறுதான் காரணம். நானும் பார்க்காததுபோல் குனிந்து ஒரு கெளுத்தியை அள்ளினேன்.

அது வாயைப் பிளக்கவில்லை. வெட்டி வெட்டி இழுத்தது. பக்கத்தில் ஒரு குறவை ஒருக்களித்துக்கொண்டு வட்டம் சுற்றியது. அயிரைக் குஞ்செல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தது. மூச்சு முட்டின மீன் இப்படிச் செய்யாது. கரையில் ஒரு கொக்கு நின்றது. அதன் பக்கத்தில் பிள்ளைகள் ஓடுகிறார்கள், அது பறக்கவில்லை. இறக்கை ஒரு பக்கம் தொங்க, கள்ளுக் குடித்தவன் மாதிரி இரண்டடி வைத்துவிட்டு, அலகைச் சேற்றில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

குட்டைக்குள் தண்ணீர் எங்கிருந்து விழுகிறது என்று பார்த்தேன். வாய்க்காலிலிருந்து விழவில்லை. எங்கள் வாழைக்கொல்லையின் கீழ்வரப்பு உடைந்து, அங்கிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கொல்லையில் முந்தாநாள்தான் குருணை வைத்திருந்தோம்.

குருணை என்றால் உங்களுக்கு அரிசி நொய்தான் நினைவுக்கு வரும். வாழை வைக்கும்வரை எங்களுக்கும் அதுதான் குருணை. கிழங்கைக் குடைகிற வண்டுக்கு என்று கடையில் ஒரு மருந்து கொடுப்பார்கள். நொய் மாதிரியே மணிமணியாக இருக்கும், நிறம்தான் வேறு. குருணை மருந்து என்று பெயர். மரத்தைச் சுற்றிக் குழி பறித்து, அதை வைத்து, மண்ணை மூடித் தண்ணீர் கட்டினால் வேர் உறிஞ்சிக்கொள்ளும், வண்டு செத்துவிடும் என்றார்கள். நாளாவட்டத்தில் மருந்து என்கிற சொல் உதிர்ந்துபோய் எங்கள் வாயில் அது வெறும் குருணையாகிவிட்டது. போன வருஷம் வண்டு விழுந்து, தார் தள்ளின மரமெல்லாம் காற்றே இல்லாமல் சாய்ந்தது. அந்தப் பயத்தில் இந்த வருஷம் என் வீட்டுக்காரர் கடைக்காரர் சொன்னதற்கு மேலேயே வைத்தார். நான் கூடையில் சுமந்து கொடுத்தேன். வேர் உறிஞ்சும் என்றார்களே தவிர, வேர் உறிஞ்சாததை யார் உறிஞ்சுவார் என்று ஒரு புண்ணியவானும் சொல்லவில்லை.

கூடையை அங்கேயே எறிந்துவிட்டுக் கொல்லைக்கு ஓடினேன். என் வீட்டுக்காரர் இடுப்பளவு சேற்றில் நின்று, மண்ணை வெட்டி உடைப்பில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் போடப் போடத் தண்ணீர் அடித்துக்கொண்டு போயிற்று.

"ஏங்க, மீனெல்லாம் இழுத்துக்கிட்டுக் கெடக்குதுங்க."

"தெரியும்."

"தெருவே எறங்கி அள்ளுதுங்க. இன்னும் செத்த நேரத்துல ஒலை வச்சிருவாங்க."

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். முகத்தில் சேற்றுக்கு நடுவே கண் மட்டும் தெரிந்தது. "இன்னிக்கி யாரு வர்றாங்கன்னு ஞாபகம் இருக்கா ஒனக்கு?" என்றார்.

இருக்காமல் என்ன? தாசில்தார் வருகிறார். அந்த நாளுக்காகத்தானே நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தோம்.

நிலம் மிராசுதார் துரைராசுவுடையது. என் மாமனார் அந்த வீட்டில் பண்ணையாளாகக் கிடந்தவர். ஆட்சி மாறி, சட்டம் மாறி, ஊரெல்லாம் கொடி பறந்த காலத்தில், ஆற்றோரத்துப் படுகை நிலம் எங்களிடம் குத்தகைக்கு வந்தது. மணலும் முள்ளுமாகக் கிடந்ததை நாங்கள்தான் வாழைக்கொல்லை ஆக்கினோம். பெயரைக் குத்தகைதாரர் என்று பதிவு செய்ய என் வீட்டுக்காரர் அலையாத ஆபீஸ் இல்லை. வாழை நன்றாக வந்ததும் துரைராசுவுக்கு நிலத்தின் ஞாபகம் வந்துவிட்டது. எங்களை எழுப்ப வழக்குப் போட்டார். அவர் ஆட்சிக்கு ஏற்ப துண்டின் கரையை மாற்றிக்கொள்கிறவர். எந்த ஆபீஸுக்குப் போனாலும் அவருக்கு நாற்காலி உண்டு. தங்கமணியின் புருஷன் ஐயாவு இன்னும் அவரிடம்தான் வேலை செய்கிறார். நாங்கள் அங்கே சாகுபடியே செய்யவில்லை என்று துரைராசுவுக்காகக் கைநாட்டு வைத்தவரும் அவர்தான். தங்கமணியோடு பேச்சு நின்றது அன்றிலிருந்துதான். கடைசியில் தாசில்தார் நேரில் பார்த்து ரிப்போர்ட்டு எழுதட்டும் என்று தஞ்சாவூர்க் கோர்ட்டில் சொல்லியிருந்தார்கள்.

"நெலத்துக்குக் கேடு பண்ணினா குத்தகைதாரனை எழுப்பலாம்னு சட்டத்துலயே இருக்கு காளி. வக்கீல் எத்தினி தடவை சொன்னாரு. இப்ப வரப்பை ஒடைய விட்டு, குட்டையில வெசத்தை எறக்கிட்டு நிக்கிறோம். இதைவிட அவருக்கு வேற என்ன கேடு வேணும்?"

"அதுக்காவ? புள்ளைங்க தின்னுட்டு விழுந்தா பரவால்லையா?"

"நான் அப்பிடியா சொன்னேன்? போயிச் சொல்லு. மீனைத் தொடாதீங்கன்னு வீடு வீடாச் சொல்லு. வெசங்கிற வார்த்தை மட்டும் ஒன் வாயில வரப்படாது. குருணைன்னு சொல்லு. தெரிஞ்சவங்களுக்குப் புரியும்."

"தெரியாதவங்களுக்கு?"

அவர் மறுபடி மண்ணை வெட்டினார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனாலும் அவர் சொன்னபடிதான் செய்தேன். நிலம் போனால் மறுபடி அந்த வீட்டு வாசலில் போய்க் கைகட்டி நிற்க வேண்டும்.

தெருவில் முதல் வீடு வைரக்கண்ணுவுடையது. அவருக்கும் படுகையில் கொஞ்சம் வாழை உண்டு. "எங்க குருணையைத் தின்ன மீனுண்ணே" என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. சட்டியோடு கொல்லைப்புறம் கொண்டுபோய்க் குழி வெட்டிப் புதைத்தார். அதோடு நிற்காமல், குட்டையில் நின்ற பிள்ளைகளையும் விரட்டி மேலே ஏற்றினார். எனக்குத் தைரியம் வந்தது. அடுத்தடுத்த வீடுகளில் முனகிக்கொண்டே கொட்டினார்கள். ஒருத்தி காரணம் கேட்டாள். வைரக்கண்ணு அண்ணன் குழி வெட்டினதைச் சொன்னேன். அவளும் கொட்டிவிட்டாள். ஒவ்வொரு வீட்டிலும் மீன் மண்ணுக்குப் போகும்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

கடைசி வீடு தங்கமணி வீடு. அவள் வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் மகள் கண்ணாத்தாள், இன்னும் பள்ளிக்கூடம் சேராத பிள்ளை, செதிலை விரலில் ஒட்டவைத்து விளையாடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் "அத்தை" என்று சிரித்தது. பெரியவர்கள் சண்டை அதற்கு எங்கே தெரிகிறது.

"தங்கமணி, அந்த மீனைத் திங்காத. அது எங்க குருணையைத் தின்ன மீனு" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பேசி எத்தனையோ காலம் ஆன முகம். உதட்டைச் சுழித்துக்கொண்டு, "ஓகோ. நீங்க குருணை போட்டு வளத்த மீனா அண்ணி அது?" என்றாள். "நேத்து வரைக்கும் குட்டை ஊருக்குப் பொதுன்னு நீங்களும் அண்ணனும் கோஷம் போட்டீங்க. இன்னிக்கி மீனு ஒங்க வீட்டுச் சொத்தாயிருச்சாக்கும்."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது. அவள் புருஷனுக்கு வாழை கிடையாது; பண்ணையில் நெல்வேலைதான். அவளுக்குக் குருணை என்றால் நொய். சாயங்காலத்தில் நொய்யைத் தூவி மீனைக் கரைக்கு இழுத்துப் பிடிப்பது எங்கள் தெரு வழக்கம். அதோடு அந்தக் குட்டை மீனைத் துரைராசு போன வருஷம் ஏலம் விடப்போய், தெரு முழுக்கத் திரண்டு தடுத்த தகராறு இன்னும் தீரவில்லை. நான் நொய் போட்டு மீன் வளர்த்ததாகச் சொல்லி, மொத்தக் குட்டைக்கும் உரிமை கொண்டாட வந்திருக்கிறேன் என்று அவள் நினைத்துவிட்டாள்.

"அட, அந்தக் குருணை இல்லடி," என்று ஆரம்பித்தேன். அதற்குள் உள்ளேயிருந்து ஐயாவு வந்து நிலைப்படியில் நின்றார். அவர் காதில் விழுந்தது ஒரு வெற்றிலை போடுகிற நேரத்தில் துரைராசுவின் பெரிய வீட்டுக்குப் போய்விடும். விஷம் என்கிற சொல் என் தொண்டை வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

"இல்ல தங்கமணி, அது நல்ல மீனு இல்ல. என்கிட்டக் குடுத்துடு. நான் ஒனக்கு சந்தையில வாங்கித் தர்றேன்."

"வாங்கித் தருவீங்களோ? நல்லா இருக்கே கதை. நல்ல மீனு இல்லாததுக்கா காலங்காத்தால தெருத் தெருவாக் கேட்டு அலையிறீங்க?" அவள் கழுவின மீனைச் சட்டியில் போட்டு எழுந்துகொண்டாள். "வெராலு அத்தனையும் பெரிய வீட்டுக்குப் போயாச்சு. தாசில்தாருக்கு அங்கதான் சாப்பாடாம். நான்தான் கொழம்பு வைக்கப் போறேன். போயி அவங்ககிட்டக் கேளுங்க ஒங்க குருணையை."

ஐயாவு சிரித்தார். தங்கமணி சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, பிள்ளையை இன்னொரு கையில் பிடித்துக்கொண்டு, பெரிய வீட்டுப் பக்கம் நடந்தாள். பிள்ளை திரும்பித் திரும்பி எனக்குக் கைகாட்டிக்கொண்டே போயிற்று.

நான் தெருமுனைக் கொடிக்கம்பத்தடியில் நின்றுவிட்டேன். வெயில் ஏறி நிழல் சுருங்கும்வரை அங்கேயேதான் இருந்தேன். ஒரு மனசு சொன்னது, சமைத்தால் போய்விடாதா, தீயில் வெந்தால் விஷம் நிற்குமா என்று. இன்னொரு மனசு அந்தக் கொக்கைக் காட்டியது. கொக்கு பச்சையாகத் தின்றது, இவர்கள் வேகவைத்துத் தின்பார்கள், அவ்வளவுதானே வித்தியாசம். போய்ச் சொன்னால் நிலம் போகும். சொல்லாவிட்டால் யார் போவார்கள் என்று தெரியாது. மாமனார் முள் பொறுக்கின நிலம். என் கையில் இருக்கிற காய்ப்பெல்லாம் அந்த மண்ணில் வந்தது. நான் எந்தச் சாமியையும் அப்படிக் கும்பிட்டதில்லை. தாசில்தார் இன்றைக்கு வராமல் போகட்டும் என்று கும்பிட்டேன். அதே நேரத்தில் ஒரு ஜீப் என்னைத் தாண்டிப் போயிற்று. உள்ளே கண்ணாடி போட்ட ஒருவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஜீப் கொல்லைக்குப் போய்விட்டுத்தான் சாப்பிட வரும் என்று நினைத்தேன். நிலத்தைப் பார்த்தால் பார்க்கட்டும், அதற்குள் சமையல்கட்டில் போய்த் தங்கமணியைத் தனியாகப் பிடித்துச் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். துரைராசுவா அப்படி விடுவார்? ஜீப்பை நேராக வீட்டுக்குத் திருப்பிவிட்டார். முதலில் வயிறு, அப்புறம் வரப்பு. நான் ஓடினேன். புடவை காலில் சிக்கி ஒருதரம் விழுந்து எழுந்து ஓடினேன்.

அந்த வீட்டுக்குள் எங்கள் ஆட்கள் கொல்லைப்புறமாகத்தான் போவது. அன்றைக்கு நான் முன்வாசலால் நுழைந்தேன். கூடத்தில் இலை போட்டிருந்தது. தாசில்தார், அவரோடு வந்த கிளார்க்கு, துரைராசு மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். இலையில் சோறு விழுந்து, அதன்மேல் குழம்பும் விழுந்திருந்தது. வாசனை கூடத்தைத் தூக்கியது. தங்கமணி குழம்புக்குக் கைப்பக்குவம் உள்ளவள்.

துரைராசு என்னைப் பார்த்ததும் கோபப்படவில்லை. விருந்தாளி முன்னால் அவர் ரொம்ப நல்லவர். "என்ன காளி, மூச்சு வாங்குது? ரிப்போர்ட்டுக்கு இவ்வளவு அவசரமா? ஐயா இன்னும் கை நனைக்கவே இல்ல" என்றார்.

"ஐயா, அந்த மீனைச் சாப்புடாதீங்க. எங்க குருணையைத் தின்ன மீனுங்க."

இரண்டாம் முறையும் அதே சொல்தான் வாயில் வந்தது. பாழாய்ப்போன வாய்.

துரைராசு தாசில்தார் பக்கம் திரும்பிச் சிரித்தார். "பாத்தீங்களா சார், இதைத்தான் நான் சொன்னேன். ரெண்டு புடி நொய்யைப் போட்டுட்டு குட்டை என்னுதும்பாங்க. ஒரு வருஷம் ஏர் ஓட்டிட்டு நெலம் என்னுதும்பாங்க. குடுத்துட்டே இருந்தா இந்த எலையும் அவங்களுதுன்னு சொல்லுவாங்க. நீங்க சாப்புடுங்க."

தாசில்தார் சின்ன வயசுக்காரர். சங்கடத்தோடு என்னைப் பார்த்து, "அப்புறம் பேசலாம்மா, வெளியில இருங்க" என்றார். விராலில் ஒரு துண்டைப் பிய்த்துச் சோற்றோடு பிசைந்தார். கை வாய்க்குப் போயிற்று.

"வெசங்க" என்றேன்.

கை நின்றது. சொல்ல ஆரம்பித்தபின் என்னால் நிறுத்த முடியவில்லை. "குருணைன்னா நொய்யி இல்லீங்க, மருந்து. வாழைக்கு நாங்க வச்ச மருந்து. வரப்பு ஒடைஞ்சு குட்டையில எறங்கிருச்சு. மீனும் செத்துருச்சு, அதைத் தின்ன கொக்கும் செத்துக்கிட்டிருக்கு. ஒரு பருக்கை வாயில வைக்காதீங்க. ஒங்க காலைப் புடிச்சுக்கிறேன்."

தாசில்தார் சோற்றை உதறிவிட்டு எழுந்தார். கிளார்க்கு விழுந்தடித்துக்கொண்டு முற்றத்தில் கை கழுவினார். துரைராசு மட்டும் உட்கார்ந்தபடியே இருந்தார். முதலில் முகம் வெளுத்தது. பிறகு மெல்ல மெல்ல வெளிச்சம் வந்தது. "கேட்டுக்கிட்டீங்களா சார்? நெலத்துக்குக் கேடு, தண்ணிக்குக் கேடு. நான் சாட்சி தேட வேண்டியதே இல்ல. அவளே சொல்லிட்டா, அதுவும் ஒங்க முன்னாடி."

போயிற்று, எல்லாம் போயிற்று. என் ஒரு வார்த்தையில் போயிற்று.

தாசில்தார் "யாராவது சாப்பிட்டீங்களா?" என்று உள்பக்கம் பார்த்துக் கேட்டார். சமையல்கட்டு வாசலில் தங்கமணி நின்றிருந்தாள். கையில் கரண்டி. அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி," என்றாள். "கண்ணாத்தா பசிக்குதுன்னுச்சு. ரெண்டு கெண்டையை வறுத்துக் குடுத்தேன்."

பிள்ளை கிணற்றடியில் துவைகல்லின்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. கூப்பிட்டால் நிமிர்ந்து பார்த்தது. ஆனால் கண்ணின் பாப்பா கடுகாகச் சுருங்கியிருந்தது. தங்கமணி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான்தான் பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஜீப்புக்கு ஓடினேன். அப்புறம்தான் அவளும் எழுந்து பின்னாலேயே ஓடிவந்து ஏறினாள்.

"என்ன மருந்துன்னு டாக்டர் கேட்பாங்க. பை இருக்கா வீட்டுல?" என்று தாசில்தார் கேட்டார்.

இருந்தது. பிள்ளைகள் கைபடாமல் வைக்கோற்போருக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தோம். ஜீப் எங்கள் வாசலில் நின்றபோது என் வீட்டுக்காரர் சேறும் மண்ணுமாக வந்து நின்றார். தாசில்தாரைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். நான் சொல்லிவிட்டேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அடித்தாலும் அடிக்கட்டும் என்று நினைத்தேன். அப்புறம்தான் என் தோளில் கிடந்த தங்கை மகளைப் பார்த்தார். ஓடிப்போய் வைக்கோலை விலக்கி, அந்தப் பையைத் தானே தூக்கிவந்து தாசில்தார் மடியில் வைத்துவிட்டுத் தானும் ஏறிக்கொண்டார்.

திருக்காட்டுப்பள்ளி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பையில் இருந்த எழுத்தைப் படித்ததும் ஊசிமேல் ஊசி போட்டார். எந்த மருந்து என்று தெரியாவிட்டால் கஷ்டமாகியிருக்கும் என்றார். நானும் என் வீட்டுக்காரரும் தங்கமணியும் வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தோம். ஐயாவு பின்னாலேயே சைக்கிளில் வந்தவர், கிட்டே வராமல் வேப்பமரத்தடியில் நின்றார். உள்ளே பிள்ளை இருமினால் தங்கமணி என் கையை நகம் பதியப் பிடிப்பாள். இருமாவிட்டால் இன்னும் இறுக்கிப் பிடிப்பாள். பொழுது சாய்கிற நேரத்தில் கண்ணாத்தாள் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள்.

"நொய்யின்னுதான் அண்ணி நெனச்சேன்," என்றாள் தங்கமணி. "வெசம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல." அவள் கேட்டது நியாயம். நான் அவள் தலையை என் மடியில் சாய்த்துக்கொண்டேன்.

அதற்குப்பின் உத்தரவுக்காகக் காத்திருந்த காலத்தை என்னால் இப்போதும் மறக்க முடியவில்லை. தாசில்தார் மறுநாள் வந்து கொல்லையை, உடைப்பை, குட்டையை எல்லாம் பார்த்தார். என் வீட்டுக்காரர் எதையும் மறைக்கவில்லை. துரைராசு கூடவே நடந்து எல்லாவற்றையும் விரல் நீட்டிக் காட்டினார். அப்புறம் மழைக்காலம் வந்தது. குட்டை நிரம்பியது. வருஷா வருஷம் காது கிழியக் கத்துகிற தவளை ஒன்றுகூடக் கத்தவில்லை. மீனும் இல்லை, தவளையும் இல்லை. கொசு மட்டும் படைபடையாக வந்து தெருவையே காய்ச்சலில் படுக்கவைத்தது. மடையோரத் தாழம்புதரில் அடைகாத்த நீர்க்கோழியைக் காணோம். என் வீட்டுக்காரர் வாழைக்குப் பக்கத்தில் போனாலும் மண்ணைத் தொடாமல் நிற்பார். பஸ்ஸில் யாராவது தஞ்சாவூரிலிருந்து இறங்கினால் உத்தரவு வந்துவிட்டதா என்று நான் ஓடிப்போய்க் கேட்பேன்.

கார்த்திகையில் உத்தரவு வந்தது. வக்கீல் வீட்டுக் கூடத்தில் நின்று கேட்டோம். அவர் நிறுத்தி நிறுத்திப் படித்தார். பூச்சிமருந்து இடுவது விவசாயத்தில் வழக்கமாக நடப்பதுதான்; விவசாய இலாகாவே அதைச் சிபாரிசு செய்கிறது; வரப்பு உடைந்தது புதுத் தண்ணீரின் வேகத்தால்; ஆகவே குத்தகைதாரர் நிலத்துக்குக் கேடு செய்தார் என்று கொள்ள இடமில்லை; மனு தள்ளுபடி.

என் வீட்டுக்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், பொய் சொல்லவில்லை. நிலம் எங்கள் கையிலேயே நின்றது. ஊருக்கு வந்தால் தெருவில் வெடி வெடித்தார்கள். ஐயாவுகூட வந்து, தலையைக் குனிந்துகொண்டு, ஒரு வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டு போனார். சந்தோஷம் அடங்கி எல்லாரும் போனபின், கேடு இல்லை என்று வக்கீல் படித்த வரி மட்டும் என் காதிலேயே நின்றது. கேடு இல்லையாம். நான் என் தோளில் தூக்கிப்போனது என்னவாம்?

கேடு இல்லை என்று எனக்கு மட்டுமா காதில் விழுந்தது? ஊருக்கே விழுந்தது. துரைராசுவுக்கு எங்களைவிட நன்றாக விழுந்தது. தை பிறந்ததும் நெல் அறுத்த மேலக்கொல்லையில் அவரும் வாழை வைத்தார். கன்று வேர் பிடித்ததும் டவுனிலிருந்து வண்டியில் பை பையாகக் குருணை வந்து இறங்கியது. "கோர்ட்டே சொல்லிருச்சு, ஒண்ணும் கேடு இல்லன்னு. தாராளமா வைங்க" என்று வரப்பில் நின்று சொன்னாராம். கூடை சுமந்தது ஐயாவு. என் வீட்டுக்காரர் ஓடிப்போய்க் கெஞ்சினார். "ஒன் கொல்லைக்கு ஒரு சட்டம், என் கொல்லைக்கு ஒரு சட்டமா அரசப்பா?" என்று அவர் கேட்டாராம். இவர் திரும்பிவந்தார்.

மேலக்கொல்லைக்குச் சரிவில்தான் எங்கள் தெருவின் அடிபம்பு இருக்கிறது. வேறு குடிதண்ணீர் எங்களுக்குக் கிடையாது.

மறுநாள் காலையில் தங்கமணி நிறைகுடத்தோடு என் வாசலில் வந்து நின்றாள். கண்ணாத்தாள் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அண்ணி, மேல குருணை வச்சுத் தண்ணியும் கட்டிட்டாங்க. இவரு ராத்திரி வந்து சொன்னாரு" என்றாள். குடத்தை இறக்கி என் காலடியில் வைத்தாள். "இந்தத் தண்ணியைப் புள்ளைக்குக் குடுக்கலாமா? நீங்கதான் சொல்லணும். நீங்க சொன்னா நான் கேட்டுக்கிறேன்."

குனிந்து பார்த்தேன். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. முகர்ந்து பார்த்தேன், ஒரு வாசனையும் இல்லை. கொட்டு என்று சொல்ல வாயைத் திறந்தேன். கொட்டினால் இன்றைக்கு எதைக் குடிப்பாள், நாளைக்கு எதைக் குடிப்பாள்? குடு என்று சொல்ல எந்த மனுஷிக்கு வாய் வரும்? தங்கமணி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, தாகமா இருக்கு" என்று கண்ணாத்தாள் குடத்துக்குள் கையை விட்டாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். ஈரக் கை. பிடித்துக்கொண்டு நின்றேனே தவிர, என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.